பெயர் மறைத்த படம்

நவம்பர் 3, திங்கள்

மழை. எங்கள் ஸ்கேன் பிரிவின் கூரை ஒழுகி, எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே பக்கெட் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மெஷினை வாங்கிப் போடத் தெரிந்த டிரஸ்ட்காரர்களுக்கு ஓட்டையை அடைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

டாக்டர் மணிவேல் கோயமுத்தூருக்கு வேலை மாறிப் போனதிலிருந்து எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் என் ஒருத்தி தலையில். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்து, என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற டாக்டர் நான். நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

மாமாவுக்கு இடது தொடை வலிக்கிறதாம். மாமா என்றால் என் மாமனார் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், வயது எழுபத்தொன்பது. அவர் மகன், என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்த பிறகு இந்த ஈரோட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் சௌமியா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குப் புராஸ்டேட்டில் புற்று வந்து, வைத்தியம் பார்த்துச் சரியானது. அந்தப் புற்று திரும்பி வந்தால் முதலில் எலும்புக்குத்தான் போகும். அது எனக்குத் தெரியும் என்பதற்காக உலகத்தில் உள்ள தொடை வலி எல்லாம் அதுவாகிவிடாது. வயசு. மழைக்காலம். தைலம் தேய்க்கச் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

ஆடி நோன்பிக்கு மகள் வீட்டுக்குப் போன சமையல்கார மாராயம்மாள் இன்று வரை திரும்பவில்லை. போன் போட்டால் "அடுத்த வாரம் வந்தர்றனுங்க" என்கிறாள். எந்த மாசத்து அடுத்த வாரமோ தெரியவில்லை.

காலையில் சாதம் வைத்து, தயிரைக் கலந்து மூடிவிட்டு ஓடுகிறேன். மாமாவால் ஒரு தொந்தரவும் கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். "எனக்குத் தயிருஞ் சோறு போதுங் கண்ணு" என்கிறார். ராத்திரிக்குப் பாலில் ரஸ்க். அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கிற ஆளாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ படுத்திருப்பேன். எனக்கு ஆஸ்பத்திரிக் கேன்டீன் இருக்கிறது.

ஒரு காலத்தில் பல் செட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையிலேயே டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார். அதைப் பார்த்தால் காலையில் எனக்குக் காபி இறங்காது. ஒரு நாள் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் டம்ளர் என் கண்ணிலேயே படவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷர்.

நவம்பர் 7, வெள்ளி

இன்றைக்கு ஒரு குழந்தை. தர்ஷன், பதினோரு மாசம், சென்னிமலைப் பக்கம். இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்துப் போட்டபடி கிடக்கிறதாம். யார் தொட்டாலும் அலறல். இடது தொடை வீங்கியிருக்கிறது. வார்டிலிருந்து வந்த சீட்டில் "தொடை எக்ஸ்ரே, சீழ்?" என்று மட்டும் எழுதியிருந்தது.

இந்தச் சீட்டுகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்துக்கு முன்னால் ஆளுடைய கதை வேண்டும். எப்போது ஆரம்பித்தது, என்ன வேலை, என்ன சாப்பாடு, யார் கவனிக்கிறார்கள். இதைப் பயிற்சி டாக்டர்களிடம் கத்திக் கத்தி எனக்குக் "கதை மேடம்" என்று பேர் வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும்.

படத்தைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எலும்பின் நுனியில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு அடியில் கறுப்புப் பட்டை. மூட்டுக்குள் இருக்கிற சின்ன எலும்பைச் சுற்றிப் பென்சிலால் வரைந்த மாதிரி ஒரு வளையம். மற்ற இடமெல்லாம் சாரமே இல்லாமல் மங்கல். இதை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை.

எழுந்து வார்டுக்கே போனேன். ஸ்கேன் பிரிவு டெக்னீஷியன் ஜமுனா ஆச்சரியமாகப் பார்த்தாள், நான் அந்த அறையை விட்டு எழுந்ததை. குழந்தையின் அம்மா கோமதி, பனியன் கம்பெனியில் வேலை. முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"பையனுக்கு என்ன குடுக்கறீங்க?"

"பாலுதானுங்க. நான் வேலைக்குப் போறதால தாய்ப்பால நிறுத்திப்போட்டனுங்க. மாட்டுப்பால நல்லாக் காச்சித் தண்ணி ஊத்திக் குடுக்கறது. நடுவுல ரெண்டு பிஸ்கட்டு நனைச்சுக் குடுப்பமுங்க."

"காய், கீரை? பழம்?"

"சளி புடிச்சுக்குமுங்க. ஒரு வயசு வரைக்கும் பழமே கண்ணுல காட்டக் கூடாதுன்னு என்ற மாமியா சொல்லிப்போட்டாங்க."

குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தேன். நாலு பல் முளைத்திருந்தது. அதைச் சுற்றி ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. ஸ்கர்வி. வைட்டமின் சி துளிகூட இல்லாமல் ரத்தக்குழாய் எல்லாம் நைந்து, எலும்பைச் சுற்றியே ரத்தம் கசிகிற நோய். கப்பல்காரர்களுக்கு வந்தது என்று படித்தோம். சென்னிமலையில் வந்திருக்கிறது.

நவம்பர் 8, சனி

எலும்பு டாக்டர் குப்புராஜுடன் சண்டை. இன்றைக்குத் தொடையைத் திறந்து சீழை எடுப்பதாக எல்லாம் தயார் பண்ணிவிட்டார்.

"மேடம், இந்தக் காலத்துல ஸ்கர்வியா? புள்ளைக்குக் காய்ச்சல் இருக்குது. சீழ விட்டம்னா எலும்பே போயிரும்."

"தொறந்தீங்கன்னா சீழ் வராதுங்க டாக்டர். ரத்தந்தான் வரும். அது நிக்கவும் நிக்காது. நாலு நாள் வைட்டமின் குடுத்துப் பாருங்க. சரியாகலைனா என்னையக் கூப்புட்டு வெச்சுத் திட்டுங்க."

குழந்தை டாக்டர் இளமாறன் என் பக்கம் நின்றார். குப்புராஜ் கத்தியைக் கீழே வைத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மாமா இன்று பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். காலில் ஊதா நிறத்தில் ஒரு கன்னிப்பு. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தத்தை மெலிவாக்குகிற மாத்திரை போடுகிறார், லேசாக இடித்தாலும் கன்னும். பார்த்து நடங்கள் என்று சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மதுரையில் இருக்கிற மெஹருன்னிசாவுக்கு எக்ஸ்ரேயை அனுப்பினேன். மேல்படிப்பு படித்த காலத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. கஷ்டமான படம் கிடைத்தால் பெயரை மறைத்து அனுப்புவோம். வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான் சொல்லலாம். வாங்கிக்கொள்கிறவள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குமேல் கேட்டால் தோற்றதாகக் கணக்கு. கூடவே சீண்டலாக ஒரு வரி எழுதி அனுப்புவது என் வழக்கம். இன்றைக்கு, "மதுரைக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது."

மெஹரிடமிருந்து பதில் வந்தது: "என்ன சாப்பிடுறான்?"

தோற்றேன் என்று எழுதினேன். ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள், பாவி. ஆனால் கேள்வி என்றால் அதுதான் கேள்வி. இதைத்தான் நான் ஆஸ்பத்திரியில் தினமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு என்பதால் சாம்பார் வைத்தேன், முருங்கைக்காய், கத்தரிக்காய் போட்டு. மாமா தன் அறையிலேயே தட்டை வாங்கிக்கொண்டார், கால் வலிக்கிறது என்று. தட்டு துடைத்த மாதிரி திரும்பி வந்தது. எதிர்வீட்டு பாப்பாத்தியம்மாள் ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்தாள். "உங்க மாமனாருக்கு எங்க ஆட்டுக்குட்டி மேல அத்தனை பிரியமுங்க. தெனமும் சன்னலோரம் கூப்புட்டு எதாச்சும் போடுவாரு" என்றாள். அவருக்கும் பொழுது போக வேண்டாமா.

நவம்பர் 11, செவ்வாய்

வார்டில் தர்ஷன் அலறலை நிறுத்திவிட்டானாம். அம்மாவின் மடியில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறான் என்று இளமாறன் வந்து சொல்லிவிட்டுப் போனார். குப்புராஜ் எதிரே வந்தவர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறிப் போனார். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குப் போனால் மாமா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழ முடியவில்லை. எவ்வளவு நேரமாக என்று கேட்டால், "இப்பத்தாங் கண்ணு" என்கிறார். பக்கத்தில் பால் டம்ளர் காய்ந்து கிடந்தது. தூக்கினபோது தொடையில் கை பட்டதும் பல்லில்லாத வாயைக் கடித்துக்கொண்டார். சத்தம் வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

நாளைக்கு அவருக்கு எம்.ஆர்.ஐ.

நவம்பர் 13, வியாழன்

நானே ஆம்புலன்ஸ் வைத்து அழைத்துப் போனேன். ஸ்கேன் சீட்டையும் நானே எழுதினேன்: ஆண், 79. புராஸ்டேட் புற்று, சிகிச்சை பெற்றவர். இடது தொடை வலி, கீழே விழுந்திருக்கிறார். எலும்புக்குப் பரவியிருக்கிறதா?

ஜமுனா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், வழக்கம்போல பேஷண்டுகிட்ட நான் ஒருக்கா எல்லாம் கேட்டு எழுதிக்கட்டுங்களா?" என்றாள். எனக்குத் தெரியாத கதையா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மெஷினுக்குள் போவதற்கு முன்னால் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நேரம் ஆகுமா கண்ணு? உனக்கு வேல கெடக்குதல்ல" என்றார்.

படம் வந்தது. இடுப்பிலிருந்து முட்டி வரை எலும்பு மஜ்ஜை திட்டுத் திட்டாக மாறியிருக்கிறது. இரண்டு காலிலும். தொடைச் சதைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. அது விழுந்ததாலும் அந்த மாத்திரையாலும் இருக்கும். மஜ்ஜையில் இருப்பது வேறு.

முப்பது வருஷமாக எத்தனையோ குடும்பங்களுக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இன்றைக்கு அந்த நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை.

"என்ன கண்ணு, படம் எப்படி வந்திருக்குது?"

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றனுங்க மாமா."

நவம்பர் 14, வெள்ளி

புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை சாதாரணமாக இருக்கிறது. சில புற்று அப்படித்தான், ரத்தத்தில் காட்டிக்கொள்ளாது. ரத்தம் மட்டும் நிறையக் குறைந்திருக்கிறது. அதுவும் ஒத்துத்தான் போகிறது.

சௌமியாவிடம் போனில் சொன்னேன். அழுதாள். "அப்பாருகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?" என்று தாத்தாவைப் பற்றிக் கேட்டாள். இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கோயமுத்தூர் புற்றுநோய் டாக்டர் எலும்பிலிருந்து ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை. அதற்கு ரத்தத்தை மெலிவாக்குகிற மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நெஞ்சில் வைத்திருக்கிற ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். நிறுத்தாமல் எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். இரண்டில் எதில் சாகலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியில் அவரிடம் சொன்னேன். முழுசாக அல்ல. எலும்பில் ஏதோ தெரிகிறது, ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று.

மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஊசி எல்லாம் வேண்டாங் கண்ணு. கோயமுத்தூரு போயிட்டு வாறதுன்னா உனக்கு எத்தன நாளு லீவு போகும்? என்ற வயசுக்கு இருந்தவரைக்கும் போதும்."

"நீங்க சும்மா இருங்க மாமா. லீவப் பத்தி உங்களை யாரு கேட்டா?"

அதட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். கொய்யாப்பழம் பையோடு அழுகிப்போய் ஈ மொய்த்தது. கடித்த தடம் ஒன்றில்கூட இல்லை. தூக்கிக் குப்பையில் போட்டேன். இந்த வீட்டில் ஒரு பொருளை உருப்படியாகத் தின்னக்கூட ஆள் இல்லை என்று தோன்றியது.

நவம்பர் 17, திங்கள்

தர்ஷன் வீட்டுக்குப் போகிறான். கோமதி ஸ்கேன் பிரிவு வரை தூக்கி வந்து காட்டினாள். என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். காலால் என் வயிற்றில் ஓர் உதை விட்டான். கையில் ஆரஞ்சுச் சுளை, முகமெல்லாம் சாறு.

"எங்க மாமியாளே இப்ப பழத்த உரிச்சு உரிச்சு ஊட்டறாங்க மேடம்" என்று சிரித்தாள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஒரு வாரம் கழித்துப் பட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், மாமாவின் படத்தை மெஹருக்கு அனுப்பினேன். விளையாடுவதற்கு அல்ல. எவளாவது ஒருத்தி "ஆமாம், பரவிவிட்டது" என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமைக்குத் துணிந்துவிடலாம். பெயரை மறைத்தேன். "ஆண், 79" என்று மட்டும் போட்டேன். புற்று பற்றிச் சொல்லவில்லை, விளையாட்டின் விதி அதுதானே.

கொஞ்ச நேரத்தில் பதில்: "என்ன சாப்பிடுறாரு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "போன வாரக் கேள்வியவே திருப்பிக் கேக்கறயா? வேலை மெனக்கெட்டு அனுப்பினால் விளையாடறே" என்று எழுதினேன்.

"ஒரு கேள்வி எனக்கு உண்டுல்ல? பதில் சொல்லுடி."

சரி என்று பதில் எழுத ஆரம்பித்தேன். காலையில் என்று எழுதினேன். காலையில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது கையில் பால் இருக்கும். மத்தியானம் தயிர் சாதம். ராத்திரி பாலில் ரஸ்க். நடுவில்? அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பால், தயிர் சாதம், ரஸ்க். எழுதி முடித்துவிட்டு அதைப் படித்தேன்.

பாலும் பிஸ்கட்டும்.

ஜமுனாவிடம் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமா சன்னலோரம் படுத்திருந்தார். என்னை அந்த நேரத்தில் பார்த்துப் பயந்துவிட்டார்.

"மாமா, ஞாயித்துக்கெழம வெச்ச சாம்பாருல காய் எல்லாம் சாப்புட்டீங்களா?"

சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பாப்பாத்தியம்மாள் வீட்டு ஆட்டுக்குட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா மாமா?"

"மாராயம்மா இருந்தவரைக்கும் அவ கொழையக் கடைஞ்சு குடுத்துருவா. அப்பறம்... அது நல்லாக் கொழுத்திருக்குது பாரு கண்ணு."

"பல்லு எங்க?"

கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். டம்ளர், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. தண்ணீர் வற்றிப் பல் செட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஈறு சுருங்கிப்போச்சாட்ட இருக்குது. மாட்டுனாக் குத்துது. ஆடியிலிருந்தே மாட்டறதில்ல."

"ஏனுங்க மாமா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ பல் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போவ, அதுக்கொரு லீவு. எல்லாத்தையும் அரைச்சுக் குடுக்கோணும்ப. நீயே வந்தா செருப்பக்கூடக் கழட்டாம அப்படியே உக்காந்துக்கற. எனக்கென்ன கண்ணு, வயிறு ரொம்புனாப் போதாதா?"

வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தேன். இத்தனை நாளில் முதல் முறையாகப் பார்த்தேன். கன்னிப்பு ஒன்றல்ல, முட்டிக்குக் கீழே கால் முழுக்க. ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஊசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி. மயிர் சுருண்டு சுருண்டு கிடந்தது. புத்தகத்தில் இருக்கிற படம் அப்படியே. ஒரு பல் இருந்திருந்தால் ஈறாவது வீங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். பல் இல்லாத வாயில் ஸ்கர்வி தெரியாது. ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஊருக்கெல்லாம் கதை கேட்டேன். இவரிடம் கேட்கவில்லை. இவர் கதையை நானே எழுதிவிட்டேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் எழப் பார்த்தார், முடியவில்லை.

"அத்தன மோசமா கண்ணு?"

"இல்லீங்க மாமா. நெல்லிக்காய்ச் சாறு குடிச்சாச் சரியாப் போயிரும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனசு தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று முடிவு பண்ணிவிட்டார் போலிருக்கிறது.

"உனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு" என்றார். "விடு. அழுவாத."

நவம்பர் 19, புதன்

ரத்தத்தில் வைட்டமின் சி பார்க்க நேற்றே எடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிவுக்குக் காத்திருக்கவில்லை, வைட்டமின் மாத்திரையை ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன். கோயமுத்தூர் டாக்டரிடம் ஊசியைத் தள்ளி வைக்கச் சொன்னேன். "ஆர் யூ ஷ்யூர் மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். குப்புராஜ் என்னிடம் கேட்ட அதே தொனி. அவரிடமும் அதையே சொன்னேன், சரியாகவில்லை என்றால் கூப்பிட்டு வைத்துத் திட்டுங்கள் என்று.

உறுதியாகத் தெரியுமா என்றால் தெரியாது. இரண்டுமே இருக்கலாம்.

மெஹருக்குப் போன் போட்டு அது யார் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எப்பவும் படத்தோட திமிரா ஒரு வரி அனுப்புவ. இந்தத் தடவ வெறும் படந்தான் வந்துச்சு. உங்க மாமாவுக்கு அந்த வயசுதான்னு தெரியும். நான் கேட்ட கேள்விக்கு நீ திட்டுனியே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"அப்பறம் ஏன்டி பேசாம இருந்தே?"

"நான் சொன்னா நம்பியிருப்பியா? நீயே கேட்டாத்தான உனக்கு ஏறும்."

மாமாவுக்கு வணக்கம் சொன்னாள்.

நவம்பர் 22, சனி

நேற்று கோயமுத்தூரில் இருந்திருக்க வேண்டிய நாள். வீட்டில் நெல்லிக்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். தக்காளியைப் பிழிந்து, கீரையைக் கடைந்து, கொய்யாவை மசித்து விதை வடிகட்டி. எனக்கு இதற்கெல்லாம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்க மாட்டேன் என்று அவர் நினைக்கும்படி இத்தனை மாசம் இந்த வீட்டில் நடமாடியிருக்கிறேன்.

தொடையைத் தொட்டேன். வாயைக் கடிக்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. வைட்டமின் சி அளக்கவே முடியாத அளவுக்குக் கீழே.

ஜமுனாவுக்குத்தான் முதலில் காட்டினேன். அன்றைக்கு உன்னை அதட்டியது தப்பு என்றேன். "அட விடுங்க மேடம்" என்றாள். விட்டாளா தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் போய்விட்டு வந்தார். நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தேன்.

கூரை இன்னும் ஒழுகுகிறது.

டிசம்பர் 1, திங்கள்

லீவு போட்டேன். பல் டாக்டர் ஈறை அளவெடுத்துவிட்டு, புது செட் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை பழையதையே உட்பக்கம் மெத்தை வைத்துத் தருகிறேன் என்று சரிபண்ணிக் கொடுத்தார். வருகிற வழியில் மாமா கடையில் நிறுத்தச் சொல்லி முறுக்கு வாங்கினார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து கறுக்கு முறுக்கென்று தின்றுகொண்டே வந்தார். என் காதுக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எலும்பை இரண்டு மாசம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். புற்று இல்லவே இல்லை என்று அப்போதுதான் எழுத முடியும். ஆனால் நடக்கிறார். கன்னிப்பு மஞ்சளாகி மறைகிறது. ஆட்டுக்குட்டிதான் பட்டினி. சன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்துகிறது.

படுக்கப் போகும் முன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார்.

"இத எங்க வெக்கட்டுங் கண்ணு?"

"மேச மேலயே வைங்க மாமா."

"உனக்குக் காபி எறங்காதல்ல?"

"வைங்க."

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் எழுந்து வந்தபோது டம்ளர் மேசையில் இருந்தது, தண்ணீருக்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும். எதிரே உட்கார்ந்து காபியை எடுத்தேன். மாமா அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, காலைல என்ன சாப்புடறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே காபியைக் குடித்து முடித்தேன்.